ஓட்டுபவரின் எடை

டாக்டர் என்னிடம் சொல்லவில்லை. கொழுந்தனிடம்தான் சொன்னார். கொழுந்தன் ஆஸ்பத்திரி வாசலில் வைத்து என்னிடம் சொன்னான். சொல்லி முடித்த அதே மூச்சில், "அண்ணனுக்கு மட்டும் தெரியக் கூடாது, அண்ணி. தெரிஞ்சா ஒடைஞ்சு போயிடுவாரு" என்றான்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாரும் இனிமையாகப் பேசினோம். முகம் தெளிஞ்சிருக்கு, பசி தானா எடுக்கும், அடுத்த மாசம் பட்டறைக்குப் போயிடலாம். என் கணவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இத்தனை வருடம் பக்கத்தில் படுத்த மனிதரிடம், ஓட்டல் வரவேற்பில் நிற்கிற பெண்ணைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் போவதற்குள் ஒருமுறையாவது அவரோடு நிஜத்தைப் பேச வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய பட்டறையில் அவருடைய ஸ்போர்ட்ஸ் கார் பாதி வேலையில் நின்றிருந்தது. நோய் வருவதற்கு முன் ஸ்பிரிங்கை மாற்றி அதைத் தரையோடு தரையாக இறக்கியிருந்தார். பார்க்க லட்சணம், ஓட்டினால் சனியன். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் கிடையாகப் படுத்திருக்க வேண்டியது. காரை இறக்கியதும் அதன் வெளிமுனை மேலே ஏறிக்கொண்டது. சின்ன மேட்டில் ஏறினாலும் சக்கரம் தானாகத் திரும்பியது. "என்னைக் கேக்காமலே திரும்புது பாரு, உன்னை மாதிரியே" என்பார் என்னிடம்.

காரைப் பழைய உயரத்துக்குத் தூக்கினால் சரியாகிவிடும். அதற்கு அவர் செத்தாலும் சம்மதிக்க மாட்டார். ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கிற இடத்தில் நீளமான பால் ஜாயின்ட் போட்டு ஆர்மைக் கிடைக்குக் கொண்டுவர வேண்டும், சக்கரத்தைத் திருப்பும் டை ராடையும் அதே சாய்வுக்கு இறக்க வேண்டும் என்றார். உடம்பு முடியாததால் கொழுந்தன் செய்தான். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தை மேலும் கீழும் ஏற்றி இறக்கி, அது திரும்புகிறதா என்று கொழுந்தன் அளந்தான். அளவுமானியின் முள் இருந்த இடத்திலேயே நின்றது. அவர் முள்ளைப் பார்த்துவிட்டு அடுத்த சக்கரத்தைக் காட்டினார்.

கடைசி வேலை, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட். அந்தப் பட்டறையில் காலி சீட்டோடு அதைச் செய்வதில்லை. ஆள் உட்கார்ந்தால் கார் அமுங்கும், அளவு மாறும். அதனால் ஓட்டுபவரை எடை பார்த்து, அதே எடைக்கு மணல் மூட்டைகளை டிரைவர் சீட்டில் அடுக்குவார்கள். ஒவ்வொன்றும் பத்துக் கிலோ. கொழுந்தன் கேட்காமலே எட்டு மூட்டைகளை அடுக்கினான்.

"என்னை எடை பாக்கலையே?" என்றார் அவர்.

"உங்க எடை எனக்குத் தெரியாதா, அண்ணே? எப்பவும் எட்டுதான்."

"எப்பவும் சரி. இப்ப?"

"ரெண்டு மாசத்துல பழைய உடம்பு வந்துடும். அப்புறம் யாரு மறுபடியும் இதோட மல்லுக்கட்டறது?"

"வேற கஸ்டமர் எவனாவது வந்து இப்படிச் சொன்னா நீ ஒத்துக்குவியாடா?"

கொழுந்தன் ஸ்பானரைத் துடைத்தான். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அவர் என் பக்கம் கையை நீட்டினார். எடை இயந்திரம் வரை கூட்டிப்போய் ஏற்றினேன். ஐம்பதைத் தொட்டு நின்றது. அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, காரிடம் போய் மேலே இருந்த மூட்டையை இறக்கினேன்.

"வைங்க அண்ணி."

இன்னொன்றையும் இறக்கினேன்.

"இந்த வேலையில உங்களுக்கு என்ன தெரியும்? வைங்கன்னு சொல்றேன்ல."

மூன்றாவதைத் தரையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்துச் சொன்னேன். "இனிமே உடம்பு ஏறாது. டாக்டர் சொல்லிட்டாரு."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"தெரியும்டி. நீங்க ரெண்டு பேரும் நடிக்கிற நடிப்பைத்தான் தாங்க முடியல."

கொழுந்தன் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். ஐந்து மூட்டைகளோடு அலைன்மென்ட்டை முடித்தான். அன்று அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் அவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினார். பட்டறைத் தெரு முழுக்கக் குண்டும் குழியும். கார் நூல் பிடித்தது போலப் போனது. ஸ்டியரிங்கில் இரண்டு விரல் மட்டும் வைத்திருந்தார். வலியை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றார். "வலி வந்தா மருந்து கேட்டுச் சண்டை போடு. மரியாதை பாக்காத" என்றார். குழாய் எதுவும் செருக விடாதே என்றார். நானும் என் பயத்தைச் சொன்னேன். திரும்பி வரும்போது, "தம்பி பிசிறில்லாம பண்ணியிருக்கான். என் கையில இவ்வளவு சுத்தமா வந்திருக்காது" என்றார்.

அதை நீங்களே அவனிடம் சொல்லுங்கள் என்றேன். சொல்லலாம் என்றார். அந்த வாரமே படுத்துவிட்டார். அதன்பின் பேச்சு கோர்வையாக வரவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களிடம் கொழுந்தன் இப்படித்தான் சொன்னான்: "நல்லாத்தான் தேறிட்டு வந்தாரு. அண்ணி அன்னைக்கு மூட்டைய இறக்கினாங்க. அதோட மனசு விட்டுட்டாரு." என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அவருடைய அத்தை மெல்லக் கையை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து உறவு யாரும் என் வீட்டுப் படி ஏறவில்லை.

சில மாதம் கழித்துக் கொழுந்தன் காரைக் கேட்டு வந்தான். சாவியைக் கொடுத்தேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவனுடைய வேலையைப் பற்றி அவர் காரில் வைத்துச் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் அவனிடம் சொன்னேன்.

அவன் சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஆறுதல் சொல்றீங்களா, அண்ணி?"

"ஆறுதல் இல்ல. அவரு சொன்னது."

"நானும் அவர்கிட்ட இப்படித்தானே பேசிட்டிருந்தேன். எனக்குத் தெரியாதா?" என்றான்.

பொய் சொல்வதாக இருந்தாலும் நான் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பேன்.