உறை சுற்றுபவளின் கறுப்புப் பட்டை

சோப்புத் தொழிற்சாலையில் சோப்புக் கட்டி அறுப்பவர் இறந்த மூன்றாவது வாரம், அங்கேயே கட்டிகளுக்குக் காகித உறை சுற்றுபவள் கையில் கட்டியிருந்த கறுப்புப் பட்டை அவள் முழங்காலைத் தாண்டி வளர்ந்துவிட்டது. கட்டும்போது இரண்டு விரல் அகலம், முழங்கைக்கு மேல் ஒரு முடிச்சு, அவ்வளவுதான். கூட வேலை செய்தவர் யாராவது இறந்தால் ஒரு மாதம் எல்லோரும் பட்டை கட்டுவது அங்கே வழக்கம். காவலாளி வாசலிலேயே கட்டிவிடுவார், இறந்தவர் வீட்டுக்கும் ஒன்று போகும். எல்லாம் ஒரே துணியில் கிழித்தவை என்று ஸ்டோர்காரர் சத்தியம் செய்தார். மற்றவர்களுடையது சோப்புத்தூள் படிந்து வெளுத்ததோடு சரி. இவளுடையது மட்டும் நாளுக்கு நாள் நீண்டது. இயந்திரத்தில் சிக்காமல் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் வேறு வேலையைப் பார்க்கப் போனார்.

சேதி எட்டியபோது இறந்தவரின் மனைவி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தன் கையைப் பார்த்தாள். இரண்டு விரல் அகலம், ஒரு முடிச்சு. காலமெல்லாம் குடும்பம் நடத்தியவள் நான் இருக்க, காகிதம் சுற்றுகிற எவளோ ஒருத்தி கையில் போய் வளர்கிறதே என்று பொருமினாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பட்டையைப் பார்த்தார்கள், மரியாதைக்குத் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். நாத்தனாருக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "அழுகை வரலேன்னா வெங்காயமாவது உரிக்கக் கூடாதா அண்ணி?" என்றாள். அழாமல் ஒன்றும் இல்லை. தலையணை நனைய அழுதாள், பட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள், அது ஈரத்தில் சுருங்கத்தான் செய்தது. பழைய பாவாடையில் ஒரு முழம் கிழித்து ஒட்டுப்போட்டுப் பார்த்தாள். ஒட்டு தானாகப் பிரிந்து விழுந்தது, அதுவும் கடைத்தெருவில், நாத்தனார் கண்ணெதிரே.

மாதம் முடிந்ததும் எல்லோரும் பட்டையை அவிழ்த்துப் போட்டார்கள். உறை சுற்றுபவளின் முடிச்சு அவிழ மறுத்தது, கத்தரிக்கோல் வைத்தால் கத்தரிக்கோல்தான் மழுங்கியது. மனைவியும் பிடிவாதமாகக் கழற்றவில்லை. ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை உறை சுற்றுபவள் குடியிருந்த மாடி அறைக்கே ஏறிப் போனாள். கதவைத் திறந்தால் கட்டில்வரை சுருள் சுருளாகக் கறுப்புத் துணி.

"உனக்கும் அவருக்கும் என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா, சத்தியமா. அவர் அறுத்துத் தள்ளுவாரு, நான் சுத்துவேன். நடுவுல எதையாவது சொல்லிட்டுச் சிரிப்பாரு."

"யாரு, அவரா?" தெருவில் அவருக்கு மௌனசாமி என்றுதான் பெயர். கல்யாணப் படத்தில்கூட உம்மென்று நிற்பவர்.

"எங்க செக்‌ஷன்ல அதிர்வேட்டுன்னு கூப்பிடுவோம்க்கா. அவர் சிரிச்சா தகரக் கூரையே ஆடும்."

மனைவி அந்தத் துணிச் சுருளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தொடுப்பு என்றால் மயிரைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். இதற்கு எப்படிச் சண்டை போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "எப்படிச் சிரிப்பாரு? சிரிச்சுக் காட்டு" என்றாள். உறை சுற்றுபவள் முதலில் கூச்சப்பட்டாள். பிறகு எழுந்து, இடுப்பில் கை வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, நடுவில் தும்மல் வருவதுபோல் ஓர் இழுப்பு இழுத்துச் சிரித்துக் காட்டினாள். கீழ்வீட்டில் பாத்திரம் உருண்டது. இந்த ஆளை மனைவிக்குத் தெரியாது. தெரியாமலேயே அவர் செத்துப்போய்விட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. வாய்விட்டு அழுதாள். அவள் படியிறங்கும்போது அவளுடைய பட்டையும் வளர்ந்து விரல் நுனியைத் தொட்டிருந்தது.

அதன் பிறகு அவள் ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. போவாள், சிரிக்கச் சொல்லிக் கேட்பாள், எனக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைத்ததே என்று வெந்து போவாள், பட்டை வளரும். வருடங்கள் ஓடி, தெருவுக்கும் எல்லாம் பழகிவிட்டது. இரண்டு பேரும் பேருந்தில் ஏறினால், நடத்துனர் இரண்டு வால்களையும் உள்ளே இழுத்துப் போட்ட பிறகுதான் விசில் ஊதுவார். இறங்கியதும் மனைவி நடைபாதையில் குனிந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிவைத்து அளந்து பார்ப்பாள். மனைவியுடையது இன்னும் ஒரு சாண் குறைவு.

"வர்ற ஞாயிறும் வருவேன்" என்பாள். "கதவைத் தாழ் போட்டுடாத."