கமா வீட்டு ஒழுகல்

அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் யார் அழுதாலும் தரைத்தளத்து முன்வீட்டின் கூரை ஒழுகியது. வாய்விட்டு அழுதால் தாரையாக விழும், தலையணையில் முகம் புதைத்து அழுதால் சொட்டுச் சொட்டாக விழும். அழுதவர்களின் வீட்டுத் தரை காய்ந்தே இருந்ததால் அவர்களுக்கு இது தெரியாது. கீழே குடியிருந்தவர் ஓர் அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்துகிறவர். முன்னறையில் மேஜை போட்டு, பாடப் புத்தகத்திலிருந்து மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் காகிதம் வரை எல்லாவற்றிலும் பிழை தேடுவது அவர் வேலை. எதிரில் பேசுகிறவரையும் பாதி வாக்கியத்தில் நிறுத்தித் திருத்திவிடுவார் என்பதால் கட்டடத்தில் அவருக்குப் பேர் கமா. நேரில் மட்டும் கமா சார்.

முதலில் குழாய்க்காரர் வந்தார். கூரையைக் கொத்தினார், உள்ளே கையை விட்டுத் துழாவினார், ஈரமே இல்லை என்று சொல்லிவிட்டுக் கொத்திய குப்பையை அள்ளாமல் போய்ச் சேர்ந்தார். கமாவின் மனைவி விழுந்த நீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, உப்புக் கரிக்கிறது என்றாள். பிறகு கொஞ்ச நேரம் மேலே காதைக் கொடுத்து நின்றாள்.

"பஸ் டிரைவர் பொண்ணு அழுவுது. அது விசும்பும்போதெல்லாம் இங்க சொட்டுது, கவனிங்க."

கமா கவனித்தார். அப்படித்தான் இருந்தது. மை கரைந்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, கன்னாபின்னாவென்று திட்டிவிட்டு வருவதற்காக முதல் மாடிக்கு ஏறினார். அந்தப் பெண் பின்னக் கணக்கு வராமல் அழுதுகொண்டிருந்தது. இதற்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று பென்சிலைப் பிடுங்கி உட்கார்ந்தவர், அதட்டி அதட்டியே கணக்கைப் புரியவைத்துவிட்டு இறங்கினார். கீழே கூரை காய்ந்திருந்தது.

அன்று பிடித்தது சனியன். கூரை சொட்ட ஆரம்பித்தால் கமா பேனாவை மூடிவிட்டு, யார் வீடு என்று படிப்படியாக ஏறிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு அம்மா ஞாபகம் வந்தால் தன் போனைக் கொடுத்து, பேசி முடிக்கும்வரை வாசலில் நின்று தரையை முறைத்தார். மனைவியைப் பறிகொடுத்த தையல்காரருக்குச் சோறு வடிக்கச் சொல்லிக்கொடுத்தார். குழைந்து போனதற்கு அவரையே திட்டினார். இரண்டாம் மாடியில் குடியிருந்த லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் தம்பியும் சண்டை போட்டுப் பிரிந்தபோது இருவருக்கும் நடுவில் ஓடி ஓடிச் செருப்புத் தேய்ந்தது. வருஷங்கள் இப்படியே போயின. தங்கமான மனுஷர், இளகின மனசு என்று கட்டடமே சொன்னது. அதைக் கேட்டால் கமாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "மனசாவது மண்ணாவது, என் சீலிங் ஒழுகுதுய்யா" என்று கத்துவார். அடக்கமாகப் பேசுகிறார் என்று அதற்கும் புகழ்ந்தார்கள்.

பிறகு மூன்றாம் மாடி நர்ஸம்மாவின் மகள் இறந்தாள். ஒரே மகள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்டுத் தேற்றிய கை நர்ஸம்மாவுடையது.

அன்றைக்குக் கமா வீட்டில் விழுந்ததைச் சொட்டு என்று சொல்ல முடியாது. வாளிகள் நிறைந்தன, அண்டா நிறைந்தது, கடைசியில் சாப்பாட்டுக் கிண்ணங்களையும் பரப்பி வைத்தார்கள். ஒரு பூகோளப் புத்தகத்தின் மெய்ப்பு முழுவதும் ஊறி, மலைகளும் ஆறுகளும் ஒன்றாகிப்போயின. இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று அச்சகத்துக்காரர் சொல்லியனுப்பினார். கமா முதல் மாதம் பொறுத்தார். இரண்டாம் மாதம் ஏறிப்போய் ஆறுதல் சொன்னார், காலம் ஆற்றாத புண் உண்டா என்றார். தெரிந்த டாக்டரைக் கூட்டிப்போனார். வேலைக்குத் திரும்பினால் மனசு மாறும் என்றார். அவள் ஏற்கெனவே வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். பஸ் டிரைவர் மகளை அனுப்பிச் சிரிக்கவைக்கப் பார்த்தார். எதற்கும் கூரை மசியவில்லை. கடைசியில் ஒருநாள் பொறுமை இழந்து, இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி என்று கேட்டுவிட்டார்.

நர்ஸம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். கூரை விஷயம் அதற்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்திருந்தது.

"உங்க சீலிங் காயறதுக்காக நான் என் பொண்ண மறக்கணுமா? போங்க சார். வெளிய போங்க."

கதவு அவர் மூக்கை உரசிச் சாத்திக்கொண்டது. கமா கீழே வந்து வேறு வீடு பார்க்க ஆரம்பித்தார். இரண்டு தெரு தள்ளி ஒன்று கிடைத்தது. பாத்திரங்களைச் சாக்கில் கட்டினார், வண்டிக்காரரிடம் பேசினார். மனைவி மட்டும் ஒரு கரண்டியைக்கூட எடுத்துப் போடாமல் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாம போயிட்டா இது எங்க போய் விழும்?"

"எங்க வேணா விழட்டும். அதுக்கு நானா ஜவாப்தாரி?"

"கேட்டேன். அவ்வளவுதான்."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் கமா அவளுடைய எத்தனையோ வாக்கியங்களைத் திருத்தியிருக்கிறார். இதில் திருத்த ஒன்றும் அகப்படவில்லை. வீடெல்லாம் நடந்தார். வண்டி வந்து வாசலில் ஹாரன் அடித்தது. போகச் சொல்லிக் கையை ஆட்டினார். சாக்கை அவிழ்த்து ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து, பக்கத்து வீடு வரை கேட்கும்படி அலமாரியில் மோதி வைத்தார். பிறகு மூன்றாம் மாடிக்கு ஏறிக் கதவைத் தட்டினார்.

"நான் ஒண்ணும் சொல்ல வரல" என்றார். "எப்படியும் அழத்தான் போறீங்க. கீழ வந்து அழுங்க. எந்தப் பக்கம் விழுதுன்னு பாத்து மேஜையை நகத்திப்பேன்."

இப்படியும் ஒருத்தர் கூப்பிடுவாரா என்ற திகைப்பிலேயே அவள் இறங்கி வந்தாள். கமாவின் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். நர்ஸம்மா உட்கார்ந்தாள். பிறகு மகளின் செருப்பு இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடப்பதைச் சொல்ல ஆரம்பித்து, முடிக்காமல் அழுதாள். அவளுக்கு இரண்டடி தள்ளிக் கூரையிலிருந்து நீர் இறங்கியது. வாளி நிறைந்ததும் கமா எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வந்து வைத்தார். மறுபடி நிறைந்தது. மறுபடி கொட்டினார். இடுப்பு விட்டுப்போனது, முணுமுணுத்தார், ஆனாலும் கொட்டினார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாளியை எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவா?"

"இன்னைக்குக் கம்மி" என்றார் கமா.

அவளுக்கு எப்படியோ சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதும் ஒழுகியது.

அதன் பிறகு வேலையில்லாத நாட்களில் அவள் வந்தாள். அழுகை நின்றுவிடவில்லை. சில வருஷங்களில் குறைந்தது, மகளின் தோழிகளுக்குக் கல்யாணமான வருஷத்தில் கூடியது. மற்றவர்களும் கூச்சம் விட்டு வரத் தொடங்கினார்கள். கமா மேஜையைச் சமையலறைக்கு நகர்த்திக்கொண்டார். புகையிலும் தாளிப்பிலும் உட்கார்ந்து பிழை தேட வேண்டிவந்ததைப் பற்றி அவர் புலம்பாத நாள் கிடையாது. எனக்கென்ன தலையெழுத்து, இந்தக் கட்டடத்துக்கு வேறு வீடே கிடைக்கவில்லையா என்பார். சொல்லிக்கொண்டே நாற்காலியைத் துடைத்துப் போடுவார். பின்னர் ஒரு கொத்தனாரை அழைத்துக் கூரையில் ஒரு தகரத் தொட்டி மாட்டி, சுவரைத் துளைத்து, நீரை வெளிச் சாக்கடைக்குக் கொண்டுபோகக் குழாய் வைத்தார்கள். குழாய் வாயில் ஒரு செடியும் முளைக்கவில்லை. உப்பு பட்டு இரும்புக் கேட்டின் கீழ்ப்பக்கம் துருப்பிடித்ததுதான் மிச்சம்.

போன மாதம் நான்காம் மாடிக்கு ஒரு குடும்பம் வந்தது. அந்த வீட்டுப் பெண் பக்கெட்டும் துணியுமாகக் கீழே வந்து, கேட்டை ஒட்டிய சுவரில் நீட்டிக்கொண்டிருந்ததைக் காட்டி, இது என்ன என்று காவலாளியைக் கேட்டாள்.

"அது அழுகைத் தண்ணி போற குழாய்ம்மா" என்றார் அவர். "அதுக்குக் கீழ மட்டும் துணி காயப் போடாதீங்க, கறை பிடிச்சிடும்."

அவள் சரி என்று குழாய்க்குக் கீழே கட்டியிருந்த கொடியை அவிழ்த்து எதிர்ச் சுவரில் கட்டிக்கொண்டாள்.