ஏழாவது ஐயாவின் தொப்பை

ஏழாவது ஐயா ஒல்லி. ஊரில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. நகரக் காவல் சாமிக்கு முன்னால் நடக்கிற இரண்டு ஏவலர்களில் அவர் நெட்டை, வெள்ளை முகம், தொங்குகிற நாக்கு. கூட வருகிற எட்டாவது ஐயா குட்டை, கறுப்பு முகம், உருண்டை உடம்பு. இருவரும் உயிருக்குயிரான சிநேகிதர்கள் என்பதால் ஊர்வலத்தில் ஒருவரை விட்டு ஒருவர் போவதில்லை. வருஷா வருஷம் சாமியின் பிறந்தநாளன்று ஏழாவது ஐயாவின் ராட்சதப் பொம்மையைத் தாங்குகிற மூங்கில் கூட்டுக்குள் நுழைந்து, அதைத் தோளில் ஏற்றி, கைகளை வீசி ஊரைச் சுற்றி வருகிறவன் ஆ-சுன். மற்ற நாளில் ஸ்கூட்டர் மெக்கானிக். கூட்டுக்குள் நிற்கிறவனின் முகம் சாமியின் வயிற்றுக்கு நேரே இருக்கும். அங்கியில் அந்த இடத்தில் ஒரு துவாரம் உண்டு, உலகத்தை அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

போன வருஷம் யாரோ ஒரு புண்ணியவான் படம் எடுத்துப் போனில் பரப்பிவிட்டான். துவாரத்துக்குக் கீழே அங்கி புடைத்துக்கொண்டு நின்றது. ‘ஏழாவது ஐயாவுக்கு எத்தனை மாசம்?’ என்று அதற்குக் கீழே எழுதியிருந்தது. ஊரே சிரித்தது, ஆ-சுன்னும் சேர்ந்து சிரித்தான். ஊர்வலச் சங்கத்தின் தலைவர் லியாவ் மட்டும் சிரிக்கவில்லை.

இந்த வருஷம் திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே அவர் ஆ-சுன்னைக் கூப்பிட்டு டீ ஊற்றிக் கொடுத்தார். லியாவ் தன் கையால் டீ ஊற்றினால் பின்னாலேயே ஏதோ வருகிறது என்று அர்த்தம். கூட்டுக்குள் இருப்பவனின் இடுப்பைச் சுற்றுகிற வளையத்தில் ஒரு கொக்கி இருக்கிறதல்லவா, திருவிழாவுக்கு முந்தைய நாள் ஒத்திகையில் அது மாட்ட வேண்டும் என்றார். மாட்டாவிட்டால் தன் மருமகன் கூட்டுக்குள் போவான், ஆ-சுன் பின்னால் மேள வண்டியை ஓட்டிக்கொண்டு வரலாம் என்றார். மருமகன் ஜிம்முக்குப் போகிறவன், அவன் வயிற்றில் துணி துவைக்கலாம்.

ஆ-சுன் டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தான். கூட்டுக்குள் இருப்பவனை யாரும் பார்க்கப் போவதில்லை, அதனால் அதில் பெருமை என்று ஒன்றும் கிடையாது. அவனுக்கு வேண்டியது வேறு. துவாரத்தின் ஓரத்தில் எட்டாவது ஐயாவின் கறுப்புத் தொப்பி ஆடிக்கொண்டே வரும். அதற்குள் இருப்பது ஆ-போக், பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவன், இப்போது சந்தையில் மீன் உருண்டை விற்கிறவன். கல்யாணம், கடன், ஆஸ்பத்திரி என்று எந்த வருஷம் எது வந்தாலும் அந்த ஒரு நாள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்துவிடுவார்கள். மேள வண்டியில் உட்கார்ந்தால் ஆ-போக்கின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

விஷயத்தைக் கேட்ட ஆ-போக் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டான். அப்புறம் வறுத்த நூடுல்ஸ் இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டான்.

“எனக்கு அந்தக் கவலையே இல்லண்ணே,” என்றான். “எங்க சாமி குண்டு. நான் எளைச்சாத்தான் தப்பு.”

ஆ-சுன்னின் மனைவி பீ-யுன் சந்தையில் காய்கறி விற்கிறவள். அவளுக்கு வருத்தப்பட நேரமில்லை. மாவுச்சத்தைக் குறைத்தால் தொப்பை தானாக இறங்கும் என்று கடைக்கு வருகிற நர்ஸ் ஒருத்தி சொல்லிக் கேட்டிருந்தாள். அன்று மாலையே சோறு வடிக்கிற மின்சாரப் பானை அவள் தங்கை வீட்டுக்குப் போனது. சோறு, நூடுல்ஸ், ஆவியில் வெந்த ரொட்டி, இனிப்பு டீ எல்லாவற்றுக்கும் தடை. ஜவ்வரிசி உருண்டை போட்ட பால் டீயின் பெயரைக்கூட வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. காலிஃப்ளவரைப் பொடிப்பொடியாக அரிந்து வதக்கிக் கிண்ணத்தில் போட்டு, இதுதான் சோறு என்றாள். பார்க்கச் சோறு மாதிரிதான் இருந்தது. மற்றபடி டோஃபு, கீரை, கோழி நெஞ்சுக்கறி, டீத்தூளில் வேகவைத்த முட்டை. ஆ-சுன் தின்ற முட்டைக் கணக்குக்கு, தெருக்கோழிகள் அவனைக் கண்டாலே ஒதுங்கிப் போவதாக ஆ-போக் கதை கட்டிவிட்டான்.

ஆனாலும் பலன் இருந்தது. முதல் சில வாரங்களில் கால்சட்டை தொளதொளத்தது, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. பீ-யுன் சந்தை முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள். அப்புறம் என்ன ஆனதோ, தொப்பை நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அவள் கீரையைக் கூட்டினாள், இறைச்சியைக் குறைத்தாள், காலையில் மேம்பாலம் வரை நடக்க விட்டாள். தொப்பை அசைவேனா என்றது. நூடுல்ஸ் கடைக்காரியிடம் போய் மிரட்டிக் கேட்டாள். அவன் இந்தப் பக்கம் தலை வைத்தே படுப்பதில்லை, தன் வியாபாரமே படுத்துவிட்டது என்று அவள் இவளிடம் குறைபட்டுக்கொண்டாள்.

அது சத்தியமான உண்மை. ஆ-சுன் யாரையும் ஏமாற்றவில்லை. அவன் போன இடம் கோவில்.

திருவிழா நெருங்க நெருங்கக் கோவில் மேசைகள் படையலால் நிறைந்துகொண்டே இருந்தன. பயறு பூரணம் வைத்து ஆமை வடிவில் செய்த சிவப்பு மாவுப் பலகாரம், அரிசிக் கேக், கடலை மிட்டாய் என்று இடம் போதவில்லை. சாயங்காலம் மேசைகளை ஒழிக்க ஆள் வேண்டும் என்றபோது ஆ-சுன் தானாகக் கையைத் தூக்கினான். ஊதுவத்தி எரிந்து முடிந்தால் சாமி சாப்பிட்டு முடித்தார் என்று அர்த்தம். சாமி சாப்பிட்ட பண்டம் அப்புறம் சப்பென்றுதான் இருக்கும், இதை அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சுவையே போய்விட்டதென்றால் மாவுச்சத்து மட்டும் எப்படித் தங்கும்? சாமி என்ன, மேலாகக் கொறித்துவிட்டுப் போகிறவரா? இப்படி யோசித்த ஆ-சுன், முதல் நாள் ஒரு பலகாரத்தைக் கவலையில்லாமல் வாயில் போட்டான். உண்மையில் அது சப்பென்று இல்லை. தன் பசிதான் அதற்கு ருசி சேர்க்கிறது என்று அவனே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்ததை எடுத்தான். அதன் பிறகு மேசை ஒழிக்கிற வேலையை அவன் ஒரு நாளும் தவறவிடவில்லை.

ஒரு சாயங்காலம் அன்னாசிப்பழம் படைக்க வந்த பீ-யுன் அவனைத் தூணுக்குப் பின்னால் பார்த்துவிட்டாள். வாய் நிறைய இருந்தது, கையில் பாதி ஆமை.

“ஏ கிழட்டுக் குரங்கே,” என்றாள். அந்த ஊர்ப் பெண்டாட்டிகள் புருஷனை அன்பாகக் கூப்பிடுவது அப்படித்தான், ஆனால் இப்போது அதில் அன்பு கம்மி. “என்ன அது?”

“சக்கை.”

“என்னது?”

“சாமி சாப்ட சக்கை. சத்தெல்லாம் அவரு எடுத்துக்கிட்டாரு. இதுல ஒண்ணும் கெடையாது, நீ பயப்படாத.”

பீ-யுன் ஏழாவது ஐயா நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள். சாமி சாப்பிடவில்லை என்று கோவிலுக்குள் நின்று எப்படிச் சொல்வது? அவளுமே வீட்டில் படைத்துவிட்டு, பழத்தில் ருசி போய்விட்டது, சாமி வந்து சாப்பிட்டிருக்கிறார் என்று சந்தோஷப்படுகிறவள். அதனால் நேரே ஏழாவது ஐயாவின் முன்னால் போய் மண்டி போட்டு, பிறை வடிவ மரக்கட்டை இரண்டையும் கையில் எடுத்தாள். ஒன்று தட்டைப் பக்கம் மேலாகவும் ஒன்று குப்புறவும் விழுந்தால் சாமி ஆமாம் என்கிறார். இரண்டும் தட்டைப் பக்கம் மேலாக விழுந்தால் சாமி பதில் சொல்லாமல் சிரிக்கிறார்.

இந்தப் பலகாரத்தில் இருந்த சர்க்கரையை நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டுக் கட்டைகளைப் போட்டாள். இரண்டும் தட்டை. பூசாரி எட்டிப் பார்த்தார். இன்னொரு முறை போட்டாள், சாமி இன்னொரு முறை சிரித்தார். அதற்குள் கும்பிட வந்த நாலு பேர் சுற்றி நின்றுவிட்டார்கள். பீ-யுன் கேள்வியை மாற்றினாள். மாவும் சர்க்கரையும் அப்படியே இந்த மனுஷன் வயிற்றுக்குத்தான் போனதா என்றாள். ஆமாம் என்று விழுந்தது. மூன்று தடவை போட்டும் மூன்று தடவையும் ஆமாம்.

ஆ-சுன் பாதி ஆமையை மேசையில் வைத்தான். டாக்டர் சொன்னால் வாதாடலாம், பெண்டாட்டி சொன்னால் காதில் விழாத மாதிரி இருக்கலாம். சாமியே காட்டிக்கொடுத்துவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

மிச்சமிருந்த நாட்களில் அவன் சுத்தப் பத்தியத்தில் இருந்தான். கடைசி வாரத்தில் முட்டையைக்கூடப் பயந்து பயந்துதான் தின்றான். ஒத்திகை நாளில் லியாவே கூட்டுக்குள் குனிந்து வளையத்தை இழுத்தார். ஆ-சுன் மூச்சை உள்ளே இழுத்து முகம் சிவந்து நின்றான். கொக்கி மாட்டியது. மூச்சை விடு என்றார் லியாவ். விட்டான், கொக்கி அப்படியே நின்றது. முதலில் கை தட்டியது லியாவின் மருமகன். அந்தக் கூடு தோலை உரித்துவிடும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள்.

ஊர்வல நாள் விடிந்ததிலிருந்தே வெயில் கொளுத்தியது. கொக்கி தெறித்துவிடுமோ என்ற பயத்தில் ஆ-சுன் முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. இதை பீ-யுன்னிடம் சொல்லவும் இல்லை. தாரை தப்பட்டையும் பட்டாசுமாகக் கிளம்பியபோது உடம்பு காற்றாக இருந்தது. மீன் சந்தையைத் தாண்டியதும் நடை தளர்ந்தது. துவாரத்துக்கு வெளியே தெரு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூங்கிலைத் தட்டினால் போதும், பின்னால் வருகிற லியாவின் மருமகன் தோள் மாற்றிக்கொள்வான். தட்டாமல் விழுந்தால் சாமி விழுவார், அந்த வருஷம் ஊருக்கே ஆகாது. துவாரத்தின் ஓரத்தில் கறுப்புத் தொப்பி ஆடிக்கொண்டிருந்தது. ஆ-சுன் தட்டுவதற்குக் கையைத் தூக்கினான், தூக்கிய கையை இறக்கினான், இன்னும் கொஞ்ச தூரம் என்றான்.

தெருவோரத்தில் நின்றவர்கள், ஏழாவது ஐயா இன்றைக்கு என்ன நிதானமாக நடக்கிறார் என்று மெச்சிக்கொண்டார்கள். ஊதுவத்தியோடு பின்னால் வந்த பீ-யுன் மட்டும் மெச்சவில்லை. அந்த நடை யாருடைய நடை என்று அவளுக்குத் தெரியும், அந்தக் கைகள் இப்படித் தொங்காது.

ஏழாவது, எட்டாவது ஐயாக்களின் கழுத்தில் நடுவே ஓட்டை போட்ட உப்பு பிஸ்கட்டைச் சிவப்பு நூலில் கோத்து மாலையாகப் போட்டிருப்பார்கள். ஊர்வலத்தில் அதைக் கேட்டு வாங்கித் தின்றால் நோய்நொடி அண்டாது. பீ-யுன் கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு போய், கூட வருகிற ஆளிடம் ஒரு பிஸ்கட் கேட்டு வாங்கினாள். எல்லோரையும் போல அதைத் தன் வாயில் போடாமல், எக்கி நின்று சாமியின் வயிற்றுத் துவாரத்துக்குள் நீட்டினாள்.

“வாயத் தொற.”

உள்ளே இருந்து ஈனமாக ஒரு குரல் வந்தது. “மாவு.”

“தெரியும்.”

“கொக்கி...”

“கொக்கி போனா நான் தச்சுத் தர்றேன். நீ போனா எங்க போய்த் தைக்கிறது? தின்னு.”

ஆ-சுன் வாயைத் திறந்தான். மாவும் உப்பும் எள்ளும் நாக்கில் கரைந்தபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பசிக்கா, அவள் சொன்னதற்கா என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் அடுத்ததை வாங்கி நீட்டினாள். அதற்கும் அடுத்ததை நீட்டும்போது ஊர்வலமே நின்றிருந்தது. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் என்ன நடக்கிறது என்று கேட்டாள்.

“ஏழாவது ஐயாவுக்குப் பசி,” என்றாள் பீ-யுன்.

அந்தப் பெண் ஒரு நிமிஷம் யோசித்தாள். தன் பிள்ளைக்கென்று வாங்கி வைத்திருந்த பிஸ்கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு துவாரத்துக்குள் நீட்டினாள். அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர் நின்றார், அவருக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள். தங்கள் கையால் சாமிக்கு ஊட்டுகிற பாக்கியம் அந்த ஊரில் அதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை, வரிசை வளர்ந்துகொண்டே போனது. பக்கத்தில் எட்டாவது ஐயாவின் வயிற்றுக்குள்ளிருந்து ஆ-போக், அண்ணே, வந்துடுவியா என்று கேட்டான். வாயில் அடைத்திருந்ததால் ஆ-சுன்னால் ம்ம் என்றுதான் சொல்ல முடிந்தது.

“மெதுவாத் தின்னு,” என்றான் ஆ-போக். “நீ வராம நான் நகர மாட்டேன்.”

வரிசையில் கடைசியாக வந்தவர் லியாவ். அவர் முகத்தைப் பார்த்து பீ-யுன் ஒதுங்கி வழி விட்டாள். அவர் கும்பிட்டுவிட்டு ஒரு பிஸ்கட்டைத் துவாரத்துக்குள் வைத்தார், தன் தண்ணீர் பாட்டிலையும் திறந்து நீட்டினார். அந்த நேரம் பார்த்து உள்ளே கொக்கி டப்பென்று தெறித்தது. லியாவ் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், தன் இடுப்பில் கட்டியிருந்த சங்கத்தின் மஞ்சள் துணியை அவிழ்த்து பீ-யுன்னிடம் கொடுத்தார். அவள் கூட்டுக்குள் கையை விட்டு வளையத்தின் இரண்டு முனைகளையும் அதனால் இறுக்கி முடிந்தாள்.

தாரை தப்பட்டை மறுபடி தொடங்கியது. ஏழாவது ஐயா வலது கையை நீளமாக வீசினார், பிறகு இடது கையை. எட்டாவது ஐயாவும் கூடவே அடி எடுத்து வைத்தார்.