குமிழி நிற்கிற பக்கம்

பதினெட்டு வருடமாகப் பஞ்சர் ஒட்டுகிறவருக்குத் தண்ணீரில் குமிழி வந்தால் ஒரே அர்த்தம்தான்: எங்கோ ஓட்டை. குறைமாதத்தில் பிறந்த மகளைப் பார்க்க உள்ளே விட்டதும் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். பிள்ளை கிடந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் பாதித் தண்ணீரோடு ஒரு பாட்டில். பிள்ளையின் மூக்கிலிருந்து வந்து அதில் முங்கியிருந்த குழாயிலிருந்து விடாமல் குமிழி.

"சிஸ்டர், இங்க லீக் ஆகுது."

நர்ஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆகட்டும். நின்னாத்தான் என்னைக் கூப்பிடணும்."

இப்படித் தலைகீழாக ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. கேட்காமல் விடுகிற ஆளும் அவர் இல்லை. அடுத்த இரண்டு நாளும், பார்க்க விடுகிற நேரமெல்லாம் நர்ஸைத் துளைத்தெடுத்தார்.

"மெஷின்தான் மூச்சு விடுதா, சிஸ்டர்?"

"இல்ல. விடுறது அவதான். வெளிய விடுற காத்து மொத்தமா போயிடாம கொஞ்சம் உள்ள தங்க வைக்கிறோம், அவ்வளவுதான். குழாய் தண்ணிக்குள்ள அஞ்சு சென்டிமீட்டர் இருக்கு பாருங்க, அந்த ஆழம்தான் அழுத்தம்."

"தங்கலைன்னா?"

"நுரையீரல்ல இருக்குற குட்டிக் குட்டிப் பையெல்லாம் சுருங்கி ஒட்டிக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் முதல்லேர்ந்து ஊதணும். ஒண்ணேகால் கிலோ உடம்பு எத்தனை தடவை ஊதும்?"

அது அவருக்குப் பளிச்சென்று பிடிபட்டது. காற்றே இல்லாமல் மடிந்து கிடந்த பழைய ட்யூப் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டு, முதல் பம்புக்கு என்ன பாடு படுத்தும் என்று கைக்குத் தெரியும்.

"அப்ப அஞ்சுக்குப் பதிலா எட்டு வெச்சா?"

"உங்களுக்குப் பிள்ளை பொறந்திருக்கா, இல்ல பம்பு வாங்க வந்தீங்களா?"

மூன்றாம் நாள் காலை டாக்டரம்மா வந்தார். பிள்ளையின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து எழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரொம்பச் சிரமப்படுறா. குடுக்குற ஆக்சிஜன் முப்பது சதவீதத்துல இருந்தது, முப்பத்தெட்டுக்கு ஏத்தியாச்சு. நாலு மணி வரைக்கும் பாக்குறேன். நாப்பதைத் தாண்டினா தொண்டைக்குள்ள குழாய் விட்டு, மெஷினையே மூச்சு விட வைக்கணும்."

"விட்டா சரியாயிடுமா, டாக்டரம்மா?"

"உயிரைக் காப்பாத்தும். ஆனா பிஞ்சு நுரையீரல், அந்த அடியைத் தாங்கணும். அதான் யோசிக்கிறேன்."

பஞ்சர்காரர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த அறையில் ஆறு பிள்ளைகள், நர்ஸ் ஒருவர். இவருக்கோ பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பத்தரைக்குக் குமிழி நின்றது. திரையில் பிள்ளையின் ரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவு தொண்ணூற்றிரண்டிலிருந்து எண்பத்தாறுக்கு இறங்கி மணி அடித்தது. நர்ஸ் ஓடி வந்து, காற்று வாய் வழியே போய்விடாமல் பிள்ளையின் வாயை மூடி, தலையை நேராக்கியதும் குமிழி வந்தது. பதினொன்றேகாலுக்கு மறுபடி அதே கதை. பிறகு பன்னிரண்டுக்கு, ஒன்றுக்கு.

பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு முட்டை வாங்கியவர்தான். ஆனால் ஓட்டையைத் தேடும்போது அவர் புத்தி சாணை பிடித்த கத்தி மாதிரி ஓடும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் வேறு எது மாறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு மணிக்கு ஐந்தாம் முறை நின்றபோது எழுந்தே விட்டார்.

"சிஸ்டர், வலது பக்கம் தலை சாஞ்சா மட்டும்தான் நிக்குது. இடது பக்கம் இருந்தா நிக்கவே இல்ல. வாய் மூடியிருக்கும்போதும் நின்னுச்சு."

"சளைச்சுப் போறா, அதான்."

"சளைச்சா ரெண்டு பக்கமும் சளைக்கணும்ல? சில டயர் ராத்திரி முழுக்க நின்னாலும் காத்து இறங்காது. வால்வு ஒரு பக்கமா அமுங்கி நின்னா மட்டும் இறங்கும். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், தப்பா நினைக்காதீங்க."

நர்ஸ் ஒரு நிமிடம் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, பிள்ளையின் தலையை மெல்ல வலப்புறம் சாய்த்து, டார்ச் அடித்துக் குனிந்தார். மூக்குக் குழாயைப் பிடித்திருக்கிற குல்லாய் தளர்ந்து பின்னால் நழுவியிருந்தது. தலை சாயும்போது குழாயை இழுக்க, மூக்கின் ஒரு துவாரத்தில் மயிரிழை இடைவெளி விழுந்து, தண்ணீருக்குப் போக வேண்டிய காற்று அதன் வழியே கசிந்தது.

"இருங்கப்பா," என்று மட்டும் சொன்னார். சின்னக் குல்லாய் மாட்டினார். மூக்கில் ஒரு அளவு பெரிய குழாய் வைத்தார். தலையை வலப்புறம் சாய்த்துவிட்டு இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குமிழி நிற்கவில்லை.

மூன்று மணிக்கு, கொடுக்கிற ஆக்சிஜனை நர்ஸ் முப்பத்தைந்துக்குக் குறைத்தார். மூன்றே முக்காலுக்கு முப்பத்திரண்டு. நாலு பத்துக்கு டாக்டரம்மா வந்து, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினார்.

"இன்னைக்குக் குழாய் வேண்டாம். காலையில பாக்கலாம்." நர்ஸ் காதில் ஏதோ சொல்ல, இவர் பக்கம் திரும்பினார். "நீங்களா கண்டுபிடிச்சீங்க? எதையும் தொடலையே?"

"ஐயோ, தொடல, டாக்டரம்மா. பாத்தேன்."

மாடியில் மனைவி பிரசவத் தையலோடு படுத்திருந்தாள். மகளை இன்னும் பார்க்கவில்லை. இவரைக் கண்டதும் கையை ஊன்றி எழுந்தாள்.

"ஏங்க, குழாய் போட்டுட்டாங்களா?"

"இல்ல. இன்னைக்கு வேண்டாம்னுட்டாங்க. தானாவே மூச்சு விடுறா."

அவள் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்சம் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "யாரு சாயல்?"

பஞ்சர்காரர் வாயைத் திறந்தார். குல்லாய், மூக்கு, விலா, தண்ணீர் எல்லாம் துல்லியமாக நினைவுக்கு வந்தன. சாயல் வரவில்லை.

"மூணு நாளா அங்கதானே இருந்தீங்க?"

"இரும்மா," என்றார் அவர், வாசலை நோக்கி நடந்தபடியே. "பாத்துட்டு வந்து சொல்றேன்."