சூரியனோடு ஓடிய விமானம்

அக்குறணையில் ஆணி, பெயின்ற் விற்கும் நஸீப் நானா, மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகும் டிக்கெட்டை என் மேசையில் விரித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். கண்டியில் விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் வேலை.

“மூணு மணிக்கு எழும்புது, ஆறரைக்கு ஜித்தால எறங்குது. மூணரை மணித்தியாலம். எறங்கினதும் நோன்பு தொறக்கலாம். சரிதானே, சதீஸ் தம்பி?”

“இல்ல நானா, ஆறு மணித்தியாலம்.”

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊருடையது. இறங்கும் நேரம் இறங்கும் ஊருடையது. ஜித்தா நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. தூரம் ஏறக்குறைய நாலாயிரத்து எழுநூறு கிலோமீற்றர். கடதாசியில் வரைந்தும் காட்டினேன். சூரியன் மேற்கே போகிறது, விமானமும் அதன் பின்னால் போகிறது, பாதி வேகத்தில். அதனால் ஒரு மணித்தியாலம் பறந்தால் பகல் அரை மணித்தியாலம் நீளும்.

“அப்ப எனக்கு நோன்பு எவ்வளவு நேரம்?”

“விடிய அஞ்சு மணிக்கு முந்தியே தொடங்குறதால, பதினாறு மணித்தியாலத்துக்கு மேல.”

அவருக்குச் சீனி வியாதி. பதினாலு மணித்தியாலத்துக்கு மேல் பசியோடு இருக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். பயணத்தில் நோன்பை விட்டுப் பிறகு பிடிக்கலாம் என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். ஆனால் முப்பத்தொரு வருஷமாக அவர் ஒரு நோன்பும் விட்டதில்லை. பதினாலாவது மணித்தியாலத்தில் சாப்பிடுவதாக மனைவிக்குச் சத்தியம் வேறு செய்திருந்தார்.

“பிளேன மெதுவா ஓட்டச் சொல்ல ஏலாதா?”

“மெதுவா ஓட்டினா நல்லதுதான். ஓடாம நின்னா இன்னும் நல்லது.”

அவர் முறைத்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

பயண நாளன்று பின்னேரம் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கோல் எடுத்தார். “தம்பி, பிளேன்ல ஏதோ பழுதாம். மூணு மணித்தியாலம் பிந்துமாம். நெலத்துல இருந்தா இங்கத்த சூரியன்தானே?”

“இங்கத்த சூரியன்தான் நானா.”

அடுத்த நாள் ஜித்தாவிலிருந்து பேசினார். ஆறு இருபத்திரண்டுக்குச் சூரியன் மறைந்தபோது விமானம் ஓடுபாதை ஓரத்தில் நின்றதாம். பேரீச்சம்பழத்தைக் கடித்து நோன்பு திறந்தாராம். நாலு நிமிடத்தில் விமானம் எழும்பியதாம்.

“பத்து நிமிசம் போகல்ல, தம்பி. சூரியன் திரும்பி வந்துட்டு. மேற்கால!”

உயரத்தில் அடிவானம் கீழே இறங்கும், அதனால் மறைந்த சூரியன் கொஞ்சம் தெரியும் என்று விளக்கினேன்.

“எங்களோட வந்த மௌலவியும் வெளங்கப்படுத்தினார். நெலத்துல மறைஞ்சத பாத்துத் தொறந்தா நோன்பு நோன்புதானாம்.”

“அப்ப முப்பத்திரண்டு வருஷம்.”

“ஓம். பிளேன் பிந்தினதுக்கு எல்லாரும் பைலட்டுக்கு ஏசினாங்க. நான் மட்டும் துஆ செஞ்சன்.”