வாசலுக்கு வந்த குழாய்

வீட்டு வாசலுக்கே தண்ணீர் வருகிறது, வேண்டாம் என்கிறார் என் வீட்டுக்காரர் ல்வன்யாகா. ஊர்க்கூட்டத்தில் என் மானமே போயிற்று.

வடக்கிலிருந்து வந்த எஞ்சினியர் ஒபியோ பாயில் மூன்று படங்களைப் பரப்பியிருந்தார். மாதா கோயில் கூரையில் மழைத்தொட்டி, சதுப்பில் கைபம்பு, குன்றின் ஊற்றிலிருந்து குழாய். பிடித்த படத்தின்மேல் ஒரு பீன்ஸ் விதை வைக்க வேண்டும். தொட்டி கோடைக்குத் தாங்காது. பம்பு என்றால் மேட்டில் சுமந்து ஏற வேண்டும். ஆகவே எல்லா விதையும் குழாய்க்கே விழுந்தது. இவர் மட்டும் பம்பில் வைத்தார்.

"அட கிறுக்கா! குழாய் உன் வாசல்லதான்யா நிக்கப்போகுது!" என்று தலைவர் செக்கிட்டோ கத்தினார்.

"ஏன் வேணாங்கிறீங்கண்ணே?" என்றார் ஒபியோ.

இவர் தரையையே பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. பகல் முழுக்க வாசலில் உட்கார்ந்து சைக்கிள் ரிப்பேர் பார்க்கிறவர் இவர். என் அம்மா நந்துமே இரண்டு தோட்டம் தள்ளி இருக்கிறாள். எங்கள் ஊர் வழக்கப்படி மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கக் கூடாது, முழித்தால் கை நடுங்கும் நோய் வரும். இவர் உட்கார்ந்திருக்கும் வாசலுக்கு அம்மா எப்படி வருவாள்? வீங்கிய முழங்காலோடு சதுப்பிலுள்ள பழைய சேற்றுக்குட்டைக்குத்தான் போவாள், தனியாக. பம்பு வந்தால் நல்ல தண்ணீராவது கிடைக்கும். மாமியார் பேச்சைச் சபையில் எடுக்க இவருக்கு வாய் வரவில்லை.

பெண்களுக்குப் பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பலாமரத்தைப் பார்த்தபடி அம்மா என்னிடம் பேசினாள்.

"ஏ நப்போசா, அந்தப் புள்ளைகிட்டச் சொல்லு. என் ஒருத்திக்காக ஊரே மேடேறணுமா? நான் குட்டைக்கே போய்க்கிறேன்."

"நப்போசா, பேசுறவங்ககிட்டச் சொல்லு," என்றார் இவர் மண்ணைப் பார்த்து. "அவங்களுக்குக் கிடைக்காத தண்ணி எனக்கு எதுக்கு?"

"நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா?" என்று கத்தினேன். கூட்டமே சிரித்தது. கத்தினேனே தவிர, இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

"குழாயைத் தள்ளி வைக்க முடியாதா?" என்று கேட்டேன்.

ஒபியோ தலையைச் சொறிந்தார். "அந்த வாசலுக்கு மேல தண்ணி ஏறாதுக்கா. கீழே எறக்குனா ஊரு மறுபடி மேடேறணும்."

இவர் எழுந்தார். தன் விதையை எடுத்துக் குழாய்ப் படத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மாவைக் கைவிட்டுவிட்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் தோட்டத்திலிருந்து திரும்பினால், வீட்டு வாசலைக் காணோம்! செங்கலும் சேறும் வைத்து அடைத்துவிட்டு, பின்சுவரை இடித்துக்கொண்டிருந்தார்.

"அடப்பாவி மனுஷா, என்னய்யா பண்றே?"

"வாசல் எந்தப் பக்கம் இருந்தா என்னடி? வீடு அதே வீடுதானே."

"வர்றவங்க உன்னை எங்கேன்னு தேடுவாங்க?"

"சைக்கிள் பஞ்சரானவன் எப்படியும் தேடி வருவான்."

வந்தார்கள், பின்பக்கத்து வாழைத்தோப்பைச் சுற்றி, திட்டிக்கொண்டே.

குழாய் திறந்த அன்று காலையில் அம்மா வந்தாள். எதிரே கதவில்லை, ஜன்னலில்லை, வெறும் சுவர். முக்காட்டைத் தோளில் தள்ளிவிட்டு, நிமிர்ந்து நின்று கேனை நிரப்பினாள். பிறகு சுவரைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:

"யார் வீட்டுச் சுவரோ, தெரியல. கட்டுன மகராசன் நல்லா இருக்கணும்."

பின்பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது.

"நப்போசா! சுவர்கிட்டப் பேசுறவங்களை நாளைக்கும் வரச் சொல்லு."

அம்மா காதிலேயே விழுந்துவிட்டது, தபால்காரிக்கு வேலையில்லை. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள், போய்க் கேனைத் தூக்கி அவள் தலையில் வைத்தேன்.