தமிழில் மட்டும் இருபது நிமிடம்

எங்கள் லிப்ற் கொம்பனியின் நோக்கக் கூற்றைத் தமிழில் எழுதியவள் நான்தான். வெள்ளவத்தையில் மாடிக்கட்டடங்கள் நாற்பதின் லிப்றுகளைப் பராமரிக்கிறோம். மெக்கானிக் இரண்டே பேர். முதலாளி நாகேந்திரம் ஒரு பெரிய ஒப்பந்தத்துக்கு ஆசைப்பட்டு, விஷன், மிஷன் என்று மூன்று மொழியிலும் ஸ்டிக்கர் அடித்து லிப்றுக்குள் ஒட்டச் சொன்னார்.

சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் 'விரைந்து வருவோம்' என்றுதான் இருந்தது. தமிழில் அது சப்பென்று கிடக்க, 'இருபது நிமிடத்தில் வருவோம்' என்று மாற்றினேன். தமிழை யார் வாசிக்கப் போகிறார்கள் என்ற திமிர். முதலாளியும் வாசிக்கவில்லை.

அந்தக் கட்டடங்களில் ஒன்றில், நாலாம் மாடியில் இருந்த பிறிஜெற் அன்ரி வாசித்திருந்தார். ஒரு மத்தியானம் லிப்ற் இரண்டாம் மாடிக்கு மேலே நின்றுவிட, உள்ளேயிருந்து எங்களுக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, எனக்கு மூச்சு கொஞ்சம் முட்டுது. பரவாயில்லை, இருபது நிமிஷத்தில வருவீங்கள் எண்டு போட்டிருக்குத்தானே."

"ஓம் அன்ரி, வருவினம்" என்றேன். மெக்கானிக்குகள் கல்கிசையில் வேறு வேலையில் நின்றார்கள். வந்து கதவைத் திறக்க ஒன்றரை மணித்தியாலம் ஆனது. அன்ரி இறந்துபோயிருந்தார்.

இப்போது ஒபிசில் போன் அடித்தால் எடுக்கமுன்னமே அந்தக் குரல் கேட்கிறது. கோபமே இல்லாத குரல். என்னைத் திட்டியிருந்தாலாவது நித்திரை வந்திருக்கும்.

நேற்று அன்ரியின் கணவர் வந்தார். உரித்தெடுத்த ஸ்டிக்கர் கையில் இருந்தது.

"தமிழில மட்டும் இருபது நிமிஷம் எண்டு கிடக்கு. ஆர் எழுதினது?"

"ஸ்டிக்கர் அடிச்ச பிறஸ்காரன்ர பிழை ஐயா" என்றார் முதலாளி, என்னை முறைத்துக்கொண்டே. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று எனக்கு விளங்கியது.

"நான்தான் எழுதினனான்" என்றேன்.

அன்ரியின் கணவர் கத்தவில்லை. கதிரையில் அமர்ந்தார்.

"உங்களுக்குப் போன் எடுத்த பிறகு எனக்கும் எடுத்தவ, பிள்ளை. நான் நாலாம் மாடியில, வீட்டிலதான். லிப்ற் கதவைக் கம்பியால நெம்பித் திறப்பம் எண்டு வெளிக்கிட்டனான். 'உங்களுக்கு இடுப்பு நோ, பேசாம இருங்கோ, இருபது நிமிஷத்தில வந்திடுவினம்' எண்டவ. நானும் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருந்திட்டன். பிறகு போய்க் கூப்பிட்டன். சத்தம் இல்லை."

அவர் ஸ்டிக்கரை மேசையில் வைத்தார்.

"அப்பவே நான் போயிருந்தா உயிரோட இருந்திருப்பாவோ?"

"இல்லை ஐயா" என்றேன். எனக்குத் தெரியாது.